ஏப்ரல் வரைக்கும்

இடது கால், முழங்காலுக்குக் கீழே எனக்கு பிளாஸ்டிக். இந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, 'கிழவி நன்றாகப் புளுகுகிறாள்' என்று சிரிப்பவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை. காலுறையைக் கழற்றிக் காலை நீட்டுவேன். தட்டிப் பாருங்கள் என்பேன். இதுவரை ஒருவரும் தட்டியதில்லை.

2016, ஜனவரி 23, சனிக்கிழமை. மாலை மணி 4.02. நடு ராத்திரி இல்லை, கவனியுங்கள். ஸ்வீடனில், எங்கள் ஏரிக்கரை ஊரில், ஜனவரி மாதம் மூன்றரைக்கே வெளிச்சம் போய்விடும். இங்கே எதுவும் ராத்திரி பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

என் பெயர் மார்கித். தம்பி ஸ்டூரேயும் நானும் அப்பாவின் பண்ணையில்தான் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மாடுகளை விற்ற பிறகு நீளமான மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதில் குளிர்காலத்துக்குப் பழைய கார்களை நிறுத்த இடம் கொடுத்தோம். எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பெண்டாட்டியின் பிறந்த நாள் மறந்துபோகும். ஆனால் அறுபது வருஷத்து அமெரிக்கக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குத் துணி போட்டுத் துடைத்துத் துடைத்தே செத்துப் போவார்கள். சாலையில் பனிக்காக உப்புக் கொட்டத் தொடங்கியதும், துருப்பிடித்துவிடுமே என்று அலறிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு ஓடி வருவார்கள்.

கொட்டகைக்கு ஒரே கதவு. அகலம் ஒரு காருக்குத்தான் போதும். பக்கத்தில் ஒரு முழம் இடைவெளி இருக்கும். அதில் ஒருக்களித்துத்தான் நடக்கலாம். மொத்தம் ஆறு கார்கள். ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன் பின் ஒன்றாக, மூக்கு உள்ளே, பின்பக்கம் கதவைப் பார்த்து. முதலில் வந்த கார் கடைசிச் சுவரோரம் நிற்கும். அது வெளியே வர வேண்டுமென்றால் மற்ற ஐந்தும் வெளியே வர வேண்டும். பேட்டரிகளைக் கழற்றி எங்கள் வீட்டு நிலவறையில் வைத்துவிடுவோம். எலி புகாமல் இருக்க சைலன்சர் குழாயில் ஒரு பழைய காலுறையைத் திணிப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் முக்கியம். குளிர்காலத்துக்கு நிறுத்தும் காருக்கு ஹேண்ட்பிரேக் போடவே மாட்டோம். ஆறு மாதம் அப்படியே கிடந்தால் பிரேக் துருவேறிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். நகர்த்த வசதியாக கியரையும் நியூட்ரலில் விட்டுவிடுவோம். தரையோ உள்பக்கமாகச் சரிவு. மாட்டு மூத்திரம் வடிவதற்காகத் தாத்தா காலத்தில் அப்படிக் கட்டியது. ஆக, அத்தனை காரும் உருண்டுவிடாமல் நிற்பது சக்கரத்தடியில் வைக்கும் முட்டுக்கட்டைகளால் மட்டும்தான். காருக்கு இரண்டு. கொட்டகையின் பழைய கதவை அறுத்து நானே செய்த கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பழைய சிவப்புச் சாயம் இருக்கும்.

ஒவ்வொரு அக்டோபரிலும் முதலில் வருவது ஹில்டிங்கின் கார். 1957 பெல் ஏர், கிளிப்பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்த நிறம். ஓட்டுவது ஹில்டிங், எங்கள் ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்க இருக்கையில் அவன் மனைவி மைலிஸ், தலையில் பட்டுத்துணி கட்டிக்கொண்டு. நாற்பத்தைந்து வருஷமாக அவள் அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டதில்லை. கார் உள்ளே போய் நிற்கும் வரை ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். இறங்கியதும் குனிவாள். நான் வைத்த கட்டைகளை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள்.

டொக்... டொக்.

சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறாளாம். என் கொட்டகையில், என் கட்டையை! எனக்கு அவளைப் பிடிக்காது. பிடிக்கவே பிடிக்காது. எங்கள் ஊரில் நான் பார்த்த ஒரே அழகி அவள்தான். அதுவும் அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த முன் இருக்கையில் ஒரு தடவைகூட என்னை உட்காரச் சொன்னதில்லை.

ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 11.15க்கு ஹில்டிங் போன் செய்தான்.

"மார்கித், ஒரு உதவி வேணும்."

"சொல்லு."

"மைலிஸுக்கு இன்னும் ஒரு வாரம்தான்னு சொல்லிட்டாங்க."

புற்றுநோய். மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். நான் 'அடடா' என்றேன்.

"வண்டில ஒரே ஒரு தடவை உக்காரணுங்கிறா. ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும். பத்து நிமிஷம்."

"உன் வண்டி கடைசில நிக்குது, ஹில்டிங். முன்னால அஞ்சு நிக்குது. வாசல்ல முழங்கால் உயரம் பனி. ரோடு பூரா உப்பு."

"உப்பு பட்டாப் படட்டும்."

ஹில்டிங் சொல்கிறான் இதை! மழை வரும் என்று வானொலியில் சொன்னாலே காரை வெளியே எடுக்காதவன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"நான் ஆள் கூட்டிட்டு வரேன், மார்கித். நாங்களே பனிய அள்ளிடறோம். நீ கதவ மட்டும் திற."

"மத்தவங்க வண்டிய எல்லாம் பனில நிறுத்தச் சொல்றியா? அவங்களுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

"அப்ப... அவள உள்ளயே கூட்டிட்டு வரட்டுமா? நிக்கிற வண்டிலயே சும்மா உக்காந்துட்டு..."

"சக்கர நாற்காலி போற எடமாப்பா அது? தலைக்கு மேல தூக்கிட்டுப் போவியா அவள?"

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்கொழுப்பு யாரை விட்டது? சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. ஏப்ரல் வரைக்கும்தான?"

"சரி மார்கித். நன்றி" என்றான். எங்கள் ஊரில் செருப்பால் அடித்தாலும் நன்றி சொல்லித்தான் போனை வைப்பார்கள்.

திரும்பி வந்து காபியைக் குடித்தேன். இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்று பாக்கி இருந்தது. அதையும் தின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டூரே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, டிராக்டர எடுத்தா அரை நாள் வேலை. நான் இழுத்துக் குடுத்துடறேனே."

"உன் வேலைய மட்டும் பாருடா."

அரை நாள் வேலைதான். முடியாத காரியம் இல்லை. நான் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் புதன், பிற்பகல் 2.30. எலிப்பொறிகளைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். கடைசியில் நின்ற பெல் ஏரின் மேல் தூசிக்காகப் போட்டிருந்த போர்வை விலகியிருந்தது. காற்றில் விலகவில்லை. பின் கண்ணாடியிலிருந்து முன் இருக்கையின் வலப்பக்கம் வரை அழகாக மடித்து விடப்பட்டிருந்தது. படுக்கை விரிப்பை மடிப்பது போல. ஸ்டூரேயின் வேலை என்று நினைத்துத் திட்டிக்கொண்டே இழுத்து மூடினேன்.

வியாழன், 2.40. போர்வை மறுபடி மடிந்திருந்தது. கொட்டகைக்குள் குளிர் மைனஸ் பதினைந்து. மற்ற ஐந்து கார்களின் கண்ணாடிகளும் வறண்டு தெளிவாக இருந்தன. பெல் ஏரில் மட்டும் வலப்பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஈரம் ஒட்டவில்லை.

ஆவி உள்பக்கம் படிந்திருந்தது.

அதில் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் துடைக்கப்பட்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று பொறிகளைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டேன்.

வெள்ளி. நான் உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே பனி அள்ளிக்கொண்டிருந்தேன். 3.10க்கு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

டொக்... டொக்.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மறுபடி வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூரேயைக் கேட்டேன்.

"கொட்டகைக்குள்ள போனியா நீ?"

"நான் எதுக்குப் போறேன்? சாவி உன் சட்டைப் பையிலதான இருக்கு?"

ஆமாம். என் பையில்தான் இருந்தது.

இப்போது சனிக்கிழமை. ஸ்டூரே மூன்று மணிக்கே ஐஸ் ஹாக்கி பார்க்க டவுனுக்குப் போய்விட்டான். வீட்டில் நான் மட்டும். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் சொந்தக் கொட்டகைக்குப் பயந்து உட்கார்ந்திருப்பது எனக்கே கேவலமாக இருந்தது. டார்ச்சை எடுத்தேன். போனைச் சமையலறை மேஜையில் விட்டுவிட்டேன்.

மணி 4.02. வெளியே மைனஸ் பத்தொன்பது. பூட்டைத் திறந்தேன். கதவருகே ஒரே ஒரு பல்பு, அதைப் போட்டேன். ஒருக்களித்து நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. போகும்போதே கட்டைகளையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு போனேன். அத்தனையும் இடத்தில் இருந்தன. சத்தியம்.

பெல் ஏரின் போர்வை மடிந்திருந்தது. அதன் டிக்கி மேல் ஒரு காலுறை. சைலன்சரில் நான் திணித்து வைத்த அதே சாம்பல் நிறக் காலுறை. நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. பெல் ஏரின் பின் பம்பருக்கும் ஐந்தாவது காரின் முன் பம்பருக்கும் நடுவே ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாக இடம். அதற்குள் புகுந்து, குனிந்து, காலுறையை மறுபடி குழாயில் திணித்தேன். நிமிர்ந்தேன்.

டொக்... டொக்.

கதவுப் பக்கம்.

"ஸ்டூரே! டேய், ஆட்டம் பாக்கப் போகலியா நீ?"

மரம் தரையில் உரசும் சத்தம். மெதுவாக... நின்று... மறுபடி மெதுவாக. பிறகு ஒரு கார் நகரும் முனகல். பம்பர் மேல் பம்பர் மோதிற்று.

டங்.

"டேய்! கட்டையத் தொடாதடா! நான் உள்ள இருக்கேன்!"

ஓடியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓடியிருந்தால் இன்று எனக்கு இரண்டு கால். நானோ அங்கேயே நின்று தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதை நிறுத்தி எனக்குப் பழக்கம் இல்லை.

டொக்... டொக். உரசல். டங். இரண்டாவது கார்.

டொக்... டொக். மூன்றாவது.

நான்காவது மோதியபோதுதான் வெளியே வர ஓரடி எடுத்து வைத்தேன். நேரம் தப்பிவிட்டது. நான்கு கார்களின் பாரம் ஐந்தாவதின் முதுகில் இடித்தது. அது தன் கட்டைகளை ஒரு சாண் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. என் இரண்டு முழங்கால்களும் பம்பர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. நசுங்கவில்லை. ஆனால் ஒரு காலைக்கூட அசைக்க முடியவில்லை. பிடித்து வைத்துக்கொண்டது போல.

மணி 4.14. டார்ச் இன்னும் கையில் இருந்தது.

இனி ஐந்தாவது காரின் இரண்டு கட்டைகள்தான் மிச்சம். அதில் ஒன்று நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வலது முன் சக்கரத்தடியில். கை நீட்டினால் எட்டாது. கண்ணுக்கு மட்டும் எட்டும்.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

என்னுடையது இல்லை. இழுத்து... இழுத்து... நடுவில் சளி அடைத்துக்கொள்ளும் மூச்சு. ஆஸ்பத்திரியில் கேட்கும் மூச்சு. அது அந்தக் குறுகிய இடைவெளி வழியே, கார்களை ஒட்டிக்கொண்டே, என்னை நோக்கி வந்தது. டார்ச்சை அடித்தேன். அங்கே ஒருவரும் இல்லை. தரைத் தூசி மட்டும், யாரோ பாதத்தைத் தேய்த்து நடப்பது போல, கோடு கோடாக விலகியது.

காருக்கு மறுபக்கக் கட்டை முதலில் போனது. அதை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

பிறகு மூச்சு இந்தப் பக்கம் வந்தது.

சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

டொக்... டொக்.

கட்டை அசைந்தது. அதை யாரும் தொடவில்லை. நான் வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கிறேன், கண் முன்னால், யாரும் தொடவில்லை. அது ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி ஒரு விரற்கடை. பலமே இல்லாத ஒருத்தி இழுப்பது போல. இழுத்துவிட்டு இளைப்பாறுவது போல.

"யாரது?"

மூச்சு.

"எடுக்காத... எடுக்காதம்மா... உனக்குப் புண்ணியமாப் போகும்..."

இன்னும் ஒரு விரற்கடை.

"மைலிஸ்?"

நின்றுவிட்டது.

கட்டையும் நின்றது. மூச்சும் நின்றது.

நான் அழ ஆரம்பித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். "வண்டியத் தரேன். நாளைக்கே தரேன். என்னை விட்டுடு. என்னை வெளிய விடு, மைலிஸ்..."

காதருகே சொன்னாள். முகத்தில் குளிர்தான் பட்டது, மூச்சு படவில்லை. குரல் மட்டும். வார்த்தைக்கு வார்த்தை இளைத்து இளைத்து.

"கொஞ்சம்... பொறுத்துக்க... ஏப்ரல்... வரைக்கும்தான..."

கட்டை வெளியே வந்தது.

மணி 4.20.

எலும்பு ஒடியும் சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. நசுங்கியது இடது கால். வலது காலைப் பம்பர் வளைவு காப்பாற்றியது. கத்தினேன். கத்தி முடித்தேன். பண்ணைக்குப் பக்கத்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர்.

அப்போதுதான் பெல் ஏரின் பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன்.

முன் இருக்கையில், வலப்பக்கம், ஒரு தலை.

பட்டுத்துணி கட்டிய தலை. நேரே முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வலப்பக்கக் கண்ணாடியில் ஆவி படியும். மறையும். படியும். மறையும்.

டார்ச் 6.30க்கு அணைந்தது. கதவுப் பக்கத்து பல்பின் மங்கல் வெளிச்சத்தில் அந்தத் தலை அப்படியே தெரிந்தது.

நான்கு மணி நேரம். நானும் அவளும்.

கெஞ்சினேன். மன்னிப்புக் கேட்டேன். தாத்தாவின் பைபிளில் பாதியை ஒப்பித்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். கார் கிளம்பட்டும் என்று.

8.15க்கு வெளியே ஸ்டூரேயின் கார் வந்து நின்றது. கண்ணாடியில் ஆவி மறைந்தது. தலையும் இல்லை.

"அக்கா? லைட்ட அணைக்காம எங்க போன... ஐயோ, அக்கா!"

தள்ளிப் பார்த்தான். ஐந்து கார், சரிவில். அசையவில்லை. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். ஸ்டூரே அதற்குக் காத்திருக்கவில்லை. டிராக்டரைக் கொண்டு வந்து கதவோரக் காரில் சங்கிலி கட்டி இழுத்தான். அப்புறம் அடுத்தது. நடுவில் வந்து சேர்ந்த தீயணைப்புக்காரர்களும் கை கொடுத்து, ஐந்தையும் வெளியே பனியில் இழுத்து விட்ட பிறகுதான் என்னை எடுக்க முடிந்தது. மணி 10.05.

தூக்குப் படுக்கையில் என்னைக் கொண்டு போகும்போது அவன் கேட்டான்.

"கட்டைய எல்லாம் எதுக்குக்கா கழட்டின?"

"நான் கழட்டல."

"கதவுகிட்ட விறகு மாதிரி அடுக்கி வெச்சிருக்கு. பத்தையும். நான் வந்தப்ப பனில உன் கால் தடத்தத் தவிர வேற தடமே இல்ல."

அன்றிரவே இடது காலை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைதான் எனக்கு நினைவு தெளிந்தது. ஸ்டூரே கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. எனக்காக அழுதிருக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் எனக்காகவும்தான்.

"அக்கா, திட்டாத. எப்படியும் முன்னால நின்ன அஞ்சும் வெளிய வந்துடுச்சு. வழி திறந்து கெடந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல ஹில்டிங்குக்கு நானே போன் பண்ணிட்டேன்."

"ம்."

"பேட்டரிய மாட்டி ஒன்பது மணிக்கு எடுத்துட்டுப் போனான். ஆஸ்பத்திரி வாசல்ல மைலிஸப் போர்வையோட தூக்கி முன்சீட்டுல உக்கார வெச்சோம். நானும் ஒரு கை பிடிச்சேன். எடையே இல்லக்கா. ஏரிக்கரைல வண்டிய நிறுத்தினானாம். பத்தே முக்காலுக்கு அந்த சீட்டுலயே போயிட்டா. சிரிச்ச மொகமா."

நல்ல சாவு என்று ஊரே சொன்னது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

நடந்ததை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கட்டைகள் எப்படியோ நழுவின, குளிரிலும் வலியிலும் எனக்குப் புத்தி தடுமாறிற்று என்று டாக்டர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அப்படி நம்பியே பிப்ரவரி போனது. மார்ச் போனது. பிளாஸ்டிக் காலில் நடக்கப் பழகினேன்.

ஏப்ரல் 30. எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் வசந்தத்துக்காக மலை போல நெருப்பு மூட்டுவார்கள். பகல் 1.20க்கு ஹில்டிங் வீட்டுக்கு வந்தான். காபி கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கிண்ணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் கிண்ணம். வாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது.

"மைலிஸ் உனக்குக் குடுக்கச் சொன்னது."

பிரித்தேன். உள்ளே ஒரு மரச் சிராய். விரல் நீளத்தில் பாதி. ஒரு பக்கம் வெறும் மரம். இன்னொரு பக்கம் பழைய சிவப்புச் சாயம்.

"அவ உள்ளங்கைல ஏறியிருந்துச்சு" என்றான். "நர்ஸ் ஊசியால எடுத்தா. கட்டில்ல கெடக்கிறவளுக்கு இது எப்படின்னு நர்ஸுக்கே புரியல. கை ரெண்டும் ஒரே கறுப்பு மசி வேற. சோப்புப் போட்டுக் கழுவி விட்டோம்."

"என்னைக்கு?"

"அவ போறதுக்கு முதல் நாள். சனிக்கிழமை. மத்தியானம் பூரா தூங்கினா. தூக்கத்துல என்னமோ மலையத் தள்ற மாதிரி மூச்சு வாங்குச்சு. நாலு இருபதுக்கு மூச்சு சீராச்சு. கை மசியப் பாத்துட்டு அஞ்சு மணி வாக்குல நர்ஸ் எடுத்தா. இவ கண்ணே முழிக்கல. எட்டேகாலுக்குத்தான் முழிச்சா. முழிச்சதும், 'நாளைக்கு வண்டி வரும், என் பட்டுத்துணிய எடுத்து வை'ங்கிறா."

"அப்பவே இத ஏன் எடுத்துட்டு வரல?"

"நாளைக்கே குடுத்துடறேன்னுதான் சொன்னேன். அவதான் வேணாம்னா. 'அவசரமில்ல. மார்கித் கொஞ்சம் பொறுத்துக்கட்டும், ஏப்ரல் வரைக்கும்'னா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

அடுப்பில் காபிப் பாத்திரம் சுட்டுக்கொண்டிருந்தது. எழுந்து அணைக்கத் தோன்றவில்லை.

"ஹில்டிங்... நான் அன்னைக்குப் போன்ல சொன்னத அவகிட்ட சொன்னியா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவு வருஷத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சாகக் கெடக்கிறவகிட்டப் போயி அதச் சொல்லுவாங்களா மார்கித்? மார்கித் சரின்னுட்டா, பனி விட்டதும் எடுத்துக் குடுப்பான்னு பொய் சொல்லி வெச்சிருந்தேன். யார்கிட்டயும் நான் அதச் சொல்லல. சொல்ற மாதிரியான வார்த்தையா அது?"

தொப்பியை எடுத்தான். காபிக்கு நன்றி சொன்னான். வாசற்படியில் ஏதோ நினைவு வந்தது போல நின்றான்.

"ரெண்டு சிராய் எடுத்தாங்க. ஒண்ண உனக்குன்னு குடுத்துட்டா. இன்னொண்ணக் கைக்குள்ளயே வெச்சு மூடிக்கிட்டா. கடைசி வரைக்கும் விரலப் பிரிக்க முடியல. அப்படியேதான் புதைச்சோம்."

எதற்காக வைத்துக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

எனக்கு இன்னும் ஒரு கால் மிச்சம் இருக்கிறது.